தமிழ்த் தளத்துக்கு முகவரி அமைப்பது எப்படி? கூகுளுக்கும் வாசகருக்கும் குழப்பம் தராத யூஆர்எல் வழிகாட்டி

வேர்ட்பிரஸில் ஓடும் ஒரு தமிழ்ச் சமையல் தளத்தின் முகவரிகளை ஒழுங்குபடுத்தித் தரும் வேலை என்னிடம் வந்தபோது, அதற்கான விவரம் ஒரே இடத்தில் எங்கும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ் எழுத்து யூஆர்எல்லுக்குள், அதாவது இணைய முகவரிக்குள், போனால் என்ன ஆகும் என்ற பேச்சே அங்கே இருக்காது. தேடிச் சேர்த்ததையும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் வரிசைப்படுத்தித் தருகிறேன். புதிதாகத் தளம் தொடங்குபவருக்கு 1 முதல் 6 வரை போதும். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பதிவுகள் வைத்திருப்பவர்கள் 7, 8 இரண்டையும் படிக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

எடுத்துக்காட்டு முகவரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஆங்கில எழுத்தில் வர வேண்டிய இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யூஆர்எல்லில் தேடுசொல்லைத் திணித்தால் கூகுளில் மேலே வந்துவிடலாம் என்று நம்பி இதைத் தொடங்காதீர்கள். முகவரியில் இருக்கும் சொற்கள் தரவரிசையை ஏறக்குறைய பாதிப்பதே இல்லை என்று கூகுளின் தொடக்கநிலை எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) வழிகாட்டியே சொல்கிறது. 2025 ஜனவரியிலிருந்து மொபைல் தேடல் முடிவுகளில் டொமைன் (தளத்தின் பெயர்ப் பகுதி) மட்டும்தான் தெரிகிறது, அதற்குப் பின்னால் வரும் பகுதி தெரிவதில்லை. அப்படியென்றால் எதற்கு இந்த வேலை? ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரி இருந்து, அது மாறாமலும் இருந்தால், அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கும் இணைப்புகளின் பலன் முழுவதும் ஓரிடத்தில் சேரும். அதே பக்கம் நான்கு முகவரிகளில் கிடந்தாலோ, ஆண்டுக்கு ஒரு முறை முகவரி மாறினாலோ அந்தப் பலன் சிதறும். லாபம் இதில்தான் இருக்கிறது. "யூஆர்எல்லை மாற்றித் தருகிறேன், முதல் பக்கத்தில் வந்துவிடும்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

டொமைன் வாங்கிய கணக்கின் லாகின், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் சேவை) லாகின், வேர்ட்பிரஸ் அட்மின் லாகின் ஆகிய மூன்றும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தளத்தைச் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கிலேயே பதிந்து வைத்திருப்பது நம் ஊரில் சகஜம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் போனை எடுக்காத நாளில் உங்கள் தளம் நின்றுபோகும். முதலில் அதை உங்கள் கணக்குக்கு மாற்றி வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது கூகுள் சர்ச் கன்சோல். கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி, இலவசம். அதில் தளத்தைச் சேர்க்கும்போது "டொமைன்" வகை, "யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ்" வகை என இரண்டு கேட்கும். டொமைன் வகையையே எடுங்கள். டிஎன்எஸ் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவேடு) பகுதியில் டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற ஓர் எழுத்துக் குறிப்பைச் சேர்க்கச் சொல்வார்கள். கொஞ்சம் வேலைதான். ஆனால் எச்டிடிபி, அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என எல்லா வடிவங்களின் கணக்கும் ஒரே இடத்தில் வந்துவிடும்.

செலவைப் பற்றி: இந்த வழிகாட்டியில் உள்ள வேலைகளுக்குக் கட்டாயச் செலவு டொமைனும் ஹோஸ்டிங்கும் மட்டுமே. டொமைனில் முதல் ஆண்டு தள்ளுபடி விலையைக் காட்டி, இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும்போது முழு விலை வாங்குவது வழக்கம். வாங்கும் முன் புதுப்பிப்பு விலையைத் தேடிப் பாருங்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம், பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரே கிளிக்கில் போட்டுத் தருகின்றன.

2. நான்கு வாசலில் மூன்றை மூடுங்கள்

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உண்டு, இல்லை. இரண்டும் இரண்டும் சேர்ந்து உங்கள் தளத்துக்கு நான்கு வாசல் ஆகின்றன. எதைத் தட்டினாலும் ஒன்றில் போய்ச் சேர வேண்டும். எச்டிடிபிஎஸ் கட்டாயம். டபிள்யூடபிள்யூடபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், கூகுளுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் இல்லாமலே வைப்பேன், சொல்லவும் அச்சிடவும் சுலபம்.

வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ் → ஜெனரல் போனால் இரண்டு முகவரிப் பெட்டிகள் இருக்கும். இரண்டிலும் நீங்கள் முடிவு செய்த வடிவத்தைப் போடுங்கள். பிறகு நான்கையும் பிரௌசரில் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். முகப்பை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஒரு பதிவின் முகவரியையும் நான்கு விதமாகத் தட்டிப் பாருங்கள். முகப்பு சரியாகத் திரும்பும், உள்பக்கம் திரும்பாது என்ற நிலை பல தளங்களில் உண்டு.

3. பெர்மாலிங்க் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

செட்டிங்ஸ் → பெர்மாலிங்க்ஸ். பதிவுகளின் நிலையான முகவரி எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் இடம் இது. இங்கே "போஸ்ட் நேம்" என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். முதல் பதிவை வெளியிடுவதற்கு முன்பே செய்தால் ஒரு நிமிட வேலை. ஆயிரம் பதிவுகளுக்குப் பிறகு செய்தால் அது 7-ஆம் படியில் உள்ள பெரிய வேலை.

தேதி உள்ள அமைப்பு செய்தித் தளத்துக்குப் பொருந்தும். சமையல், மருத்துவம், அரசுச் சேவை வழிகாட்டி போன்ற தளங்களுக்குப் பொருந்தாது. 2019-இல் எழுதிய குழிப்பணியாரக் குறிப்பை நீங்கள் இந்த ஆண்டு புதுப்பித்தாலும், முகவரியில் 2019 என்றே நிற்கும். படிக்க வருபவர் பழையது என்று நினைத்துத் தாண்டிப் போவார்.

முகவரிக்குள் பகுப்பைச் சேர்க்கும் ஆசை பலருக்கு வரும்: /குழம்பு/வத்தக்குழம்பு/ என்பதுபோல. பார்க்க அழகுதான், ஆனால் வேர்ட்பிரஸில் ஒரு பதிவு இரண்டு பகுப்புகளில் இருந்தால் எது முகவரியில் வரும் என்ற கேள்வி எழும். பிறகு ஒருநாள் பகுப்பை மாற்றினால் முகவரியும் கூடவே மாறிவிடும். பகுப்புகள் இனி மாறவே மாறா என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய வேண்டாம். பகுப்பை வாசகருக்குக் காட்ட பிரெட்க்ரம்ப் (பக்கத்தின் மேலே "முகப்பு > குழம்பு" என்று வரும் வரி) இருக்கிறது, முகவரி அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

ப்ளாகரில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே ஆண்டும் மாதமும் முகவரியில் வந்தே தீரும், நீக்க முடியாது. தமிழில் தலைப்பு வைத்தால் ப்ளாகர் அதை முகவரியாக மாற்றாமல் "ப்ளாக்-போஸ்ட்" என்ற பொதுப்பெயரையும் ஓர் எண்ணையும் போட்டுவிடும். பழைய தமிழ் வலைப்பூக்களைத் திறந்தால் எல்லாப் பதிவும் ஒரே பெயரில், எண் மட்டும் மாறி நிற்பது இதனால்தான். பதிவை வெளியிடும் முன் வலப்பக்கம் "பெர்மாலிங்க்" → "கஸ்டம்" என்பதில் ஆங்கில எழுத்தில் நீங்களே ஒரு பெயரைக் கொடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவைத் திரும்ப டிராஃப்டாக்கித்தான் மாற்ற முடியும். அதற்குள் பகிரப்பட்ட பழைய இணைப்பு உடையும். செட்டிங்ஸில், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் "கஸ்டம் ரீடைரக்ட்ஸ்" இருக்கிறது, அங்கே பழையதையும் புதியதையும் சேர்த்துவிடுங்கள்.

4. ஸ்லக் தமிழிலா, ஆங்கில எழுத்திலா?

ஸ்லக் என்பது முகவரியில் அந்தப் பதிவுக்கே உரிய கடைசித் துண்டு. தமிழ்த் தளம் நடத்துபவர் முடிவு செய்ய வேண்டிய பெரிய விஷயம் இதுதான்.

தமிழில் வைத்தால் கூகுள் தண்டிக்காது. வாசகரின் மொழியிலேயே முகவரி வைக்கலாம் என்றுதான் கூகுளின் பரிந்துரையும் சொல்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் எல்லாம் தமிழ் முகவரியில்தான் இருக்கின்றன, அவை தேடலில் வரத்தான் செய்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

யூஆர்எல்லுக்குள் தமிழ் நேரடியாகப் போகாது. ஒவ்வோர் எழுத்துக்குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாறும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். "கு" என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது க-வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு, எனவே 18 இடம். குரோமில் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக ஒரு நீண்ட வால் வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். குடும்பக் குழுவில் அதைப் பார்க்கிறவர் ஏதோ வைரஸ் இணைப்பு என்று பயந்து தொடமாட்டார்.

அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் ஒரு ஸ்லக்குக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 200. ஆங்கிலத்தில் அது தாராளம். தமிழில் 200-ஐ 9-ஆல் வகுத்தால் 22 குறிதான் மிஞ்சும். "ஆடிப்பெருக்கு சித்ரான்னம் செய்வது எப்படி" என்று தலைப்பு வையுங்கள். "ஆடிப்பெருக்கு" மட்டும் 13 குறி, 117 இடம். இடையில் ஒரு ஹைபன். மீதி 82 இடத்தில் 9 குறி போகும். ஸ்லக் "ஆடிப்பெருக்கு-சித்ரான்ன" என்று ம் இல்லாமல் நின்றுவிடும், "செய்வது எப்படி" காணாமலே போகும். எந்த எச்சரிக்கையும் வராது. "தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு" என்றே எல்லாத் தலைப்பையும் தொடங்குபவர்கள் பாடு இன்னும் மோசம்: வெட்டுப்பட்ட பகுதி எல்லாப் பதிவிலும் ஒன்றாகவே இருப்பதால் வேர்ட்பிரஸ் 2, 3, 4 என்று எண்ணைப் போட்டுக்கொண்டே போகும். 17 எந்தத் துறை, 18 எந்தத் துறை என்று உங்களுக்கே தெரியாது.

மூன்றாவது பொறி கண்ணுக்கே தெரியாது. "கொ" என்ற எழுத்தை, கணினி எழுத்துக்களைக் குறிக்கும் முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வுடன் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், முகவரியில் இரண்டும் வேறு. "ஸ்ரீ" எழுத்துக்கும் இதேபோல ஸ-வில் தொடங்குவது, ஶ-வில் தொடங்குவது என்று இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உண்டு. வெவ்வேறு கீபோர்டில் இருவர் தட்டினால், சரியாக எழுதிய இணைப்பே 404 (பக்கம் இல்லை) காட்டும். காரணம் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இவற்றையெல்லாம் வைத்து என் முடிவு: தலைப்பு தமிழில், ஸ்லக் ஆங்கில எழுத்தில். தமிழ் ஸ்லக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், இரண்டு சின்னச் சொல்லுக்கு மேல் போகாதீர்கள், தலைப்பிலிருந்து தானாக வருவதை நம்பாமல் நீங்களே கையால் எழுதுங்கள்.

ஆங்கில எழுத்து என்றால் மொழிபெயர்ப்பா, ஒலிபெயர்ப்பா? மக்கள் எப்படித் தேடுகிறார்களோ அப்படி. வத்தக்குழம்பை யாரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தேடமாட்டார்கள், அதனால் ஒலிபெயர்ப்பு. பாஸ்போர்ட் புதுப்பிப்பது பற்றி எழுதினால் நேராக ஆங்கிலச் சொற்களே சரி. ஒலிபெயர்ப்பில் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா, எல் மட்டுமா? நெடிலுக்கு ஏ ஒன்றா, இரண்டா? கூகுள் இரண்டையும் பெரும்பாலும் புரிந்துகொள்ளும், ஆனால் உங்கள் தளத்துக்குள் ஒரே முறை இருக்க வேண்டும். குழம்பு, கூட்டு, பொரியல், வாழைப்பூ என்று அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒரு தாளில் எழுத்துக்கூட்டலை எழுதி, தளத்தில் எழுதும் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

5. ஸ்லக் எழுதும்போது

சொற்களுக்கு இடையே ஹைபன் போடுங்கள், அண்டர்ஸ்கோர் வேண்டாம். எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும், ஏனென்றால் டொமைனுக்குப் பின்னால் வரும் பகுதியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு முகவரியாகவே எண்ணப்படும். மூன்று நான்கு சொல் போதும். "டாப் 10", "2025", "புதிய" போன்ற, நாளை பொய்யாகப் போகும் சொற்களைத் தலைப்பில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஸ்லக்கை அப்படி மாற்ற முடியாது. ஆண்டுதோறும் வரும் விஷயங்களுக்கு, உதாரணமாகப் பொதுத்தேர்வு கால அட்டவணைக்கு, ஆண்டு இல்லாத ஒரே முகவரியை வைத்து உள்ளடக்கத்தை மட்டும் புதுப்பியுங்கள். பழைய ஆண்டில் கிடைத்த இணைப்புகளின் பலன் வீணாகாது.

6. ஒரே பக்கம், பல முகவரி

ஃபேஸ்புக்கில் யாராவது உங்கள் இணைப்பைத் தட்டினால் முகவரியின் பின்னால் கேள்விக்குறியுடன் ஒரு நீண்ட அடையாளம் ஒட்டிக்கொள்ளும். விளம்பரக் குறிகளும் அப்படித்தான். கடைத் தளத்தில் விலைவாரியாக வரிசைப்படுத்தினாலும், நிறம் தேர்ந்தெடுத்தாலும் புதிய முகவரி பிறக்கும். இதற்கெல்லாம் மருந்து கேனானிக்கல் குறி: "இந்தப் பக்கத்தின் உண்மையான முகவரி இதுதான்" என்று பக்கத்துக்குள்ளேயே எழுதி வைப்பது. வேர்ட்பிரஸ் பதிவுகளுக்கு அதைத் தானே போடுகிறது. யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற எஸ்இஓ ப்ளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) பகுப்புப் பக்கங்களுக்கும் போடுகின்றன. இரண்டு எஸ்இஓ ப்ளகின்களை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள், ஒரே பக்கத்தில் இரண்டு கேனானிக்கல் வந்து நிற்கும்.

கேனானிக்கல் ஒரு குறிப்புதான், கட்டளை அல்ல. கூகுள் வேறு முகவரியைத் தேர்ந்தெடுக்கவும் செய்யலாம். சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் நீங்கள் சொன்னது எது, கூகுள் எடுத்துக்கொண்டது எது என்று இரண்டும் தெரியும். சர்ச் கன்சோலில் இருந்த யூஆர்எல் பாராமீட்டர்ஸ் கருவியைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்தால் தாண்டிப் போங்கள், அது 2022-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

7. பழைய தளமாக இருந்தால்

முதல் கேள்வி: மாற்றத்தான் வேண்டுமா? முகவரி அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமென்றால் வேண்டாம். ஏற்கெனவே தேடலில் நன்றாக வரும் பக்கத்தின் முகவரியில் தேதி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இனி எழுதும் பதிவுகளில் மட்டும் ஸ்லக்கைக் கவனமாக வையுங்கள். பெர்மாலிங்க் வெறும் கேள்விக்குறியும் எண்ணுமாக இருந்தாலோ, டொமைனையே மாற்றினாலோ, வெட்டுப்பட்ட தமிழ் ஸ்லக்குகளால் நிர்வகிக்கவே முடியவில்லை என்றாலோ மாற்றலாம்.

மாற்றுவதென்றால் முதலில் முழு பேக்கப் எடுங்கள், கோப்புகளும் டேட்டாபேஸும் சேர்த்து. ஹோஸ்டிங் நிறுவனம் எடுத்து வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள், உங்கள் கணினியில் ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்து சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே 16 மாதக் கணக்கு வரைதான் கிடைக்கும், ஒரு முறைக்கு 1,000 வரிதான் இறங்கும். நாளை "வருகை குறைந்துவிட்டதே" என்று தோன்றினால் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் ஆதாரம்.

பிறகு ஒரு ஷீட்டைத் திறந்து இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது என்று ஜோடி ஜோடியாக எழுதுங்கள். பழைய முகவரிகளைத் திரட்ட ஸ்க்ரீமிங் ஃப்ராக் மென்பொருள் உதவும், 500 முகவரி வரை இலவசம். சலிப்பான வேலைதான். ஆனால் முழுத் திட்டமும் இந்த ஷீட்டின் மேல்தான் நிற்கிறது. நேரம் பெரும்பாலும் இதிலேயே போகும், மாற்றுவது சில நிமிடம்தான்.

ஒவ்வொரு பழைய முகவரியும் 301 ரீடைரக்டாக, அதாவது நிரந்தரத் திருப்பமாக, தன் ஜோடிக்குப் போக வேண்டும். 302 தற்காலிகத்துக்கானது, அது வேண்டாம். வேர்ட்பிரஸில் "ரீடைரக்‌ஷன்" என்ற ப்ளகின் இலவசம், ஷீட்டை சிஎஸ்வி கோப்பாக்கி அப்படியே ஏற்றலாம். பெர்மாலிங்க் அமைப்பை மட்டும் மாற்றினீர்கள் என்றால் அதே ப்ளகினில் பழைய அமைப்பைக் குறித்து வைக்கத் தனி இடம் இருக்கிறது. யோஸ்டில் ரீடைரக்ட் வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. ரேங்க் மேத்தில் இலவசப் பதிப்பிலேயே உண்டு.

கவனிக்க வேண்டிய பொறிகள் சில. பதிவின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துத் தானே திருப்பிவிடும். "பேஜ்" வகைக்கு அந்த நினைவு கிடையாது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஜோடி கிடைக்காத பழைய முகவரிகளை எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. கூகுள் அதை "சாஃப்ட் 404" (பக்கம் இல்லை என்பதற்குச் சமம்) என்று எடுத்துக்கொள்ளும், பலன் சுழியம். இணையான பக்கம் இல்லையென்றால் 404-ஆகவே விடுங்கள். பழைய முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் (எதைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் கோப்பில்) தடுக்காதீர்கள். தடுத்தால் கூகுள் அந்தப் பக்கத்தையே திறக்காது, திறக்காவிட்டால் ரீடைரக்ட் இருப்பதே அதற்குத் தெரியாது. ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது என்று சங்கிலியாகவும் போடாதீர்கள், பழையதிலிருந்து நேராகக் கடைசிக்கே போகட்டும்.

பதிவுகளுக்குள் நீங்களே கொடுத்திருக்கும் பழைய இணைப்புகளையும் புதியதாக்க வேண்டும். "பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்" ப்ளகின் இதற்கு உதவும். முதலில் "ட்ரை ரன்" போட்டு எத்தனை இடம் மாறும் என்று பார்த்துவிட்டு, அப்புறம் உண்மையாக ஓட்டுங்கள். அதில் ஜியுஐடி என்ற பெட்டியைத் தொட வேண்டாம்.

எப்போது செய்வது? சமையல் தளமென்றால் தீபாவளி, பொங்கல் வாரங்கள் ஆகவே ஆகாது. கல்வித் தளமென்றால் தேர்வு முடிவு வரும் நேரம் ஆகாது. வருகை குறைந்த பருவத்தில், வாரத்தின் நடுவில், ஹோஸ்டிங் உதவி மையம் விழித்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வேண்டாம்.

8. மாற்றிய பிறகு

அன்றே சைட்மேப்பை (தளத்தின் முகவரிப் பட்டியல் கோப்பை) சர்ச் கன்சோலில் புதிதாகச் சமர்ப்பியுங்கள். சைட்மேப்பில் புதிய முகவரிகள் மட்டும் இருக்க வேண்டும். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரி வரை போகலாம், ஆகவே நம் அளவுத் தளங்களுக்கு ஒன்றே போதும். முக்கியமான சில பக்கங்களுக்கு "ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்" (தேடலில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) கொடுங்கள். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் அனுமதிப்பார்கள், எனவே வருகை அதிகமுள்ள பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். டொமைன் மாறியிருந்தால் மட்டும் "சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்" கருவி. அதே டொமைனுக்குள் ஸ்லக் மாறியதற்கு அது தேவையில்லை.

அடுத்த சில வாரங்கள் வருகை ஏறி இறங்கும். நடுத்தர அளவுத் தளமானால் பெரும்பாலான பக்கங்கள் புதிய முகவரிக்கு நகர அவ்வளவு காலம் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. மூன்றாம் நாளே பயந்து பழைய அமைப்புக்குத் திரும்பாதீர்கள். அது எல்லாவற்றையும் இரண்டாம் முறை குழப்பும். சர்ச் கன்சோலின் பேஜஸ் அறிக்கையில் "பேஜ் வித் ரீடைரக்ட்" என்ற எண்ணிக்கை கூடுவதைப் பிழை என்று நினைக்க வேண்டாம், பழைய முகவரிகள் ஒழுங்காகத் திரும்புகின்றன என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பார்க்க வேண்டியது 404 பட்டியல். அதில் உங்கள் ஷீட்டில் விட்டுப்போன முகவரிகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டும். வாரம் ஒரு முறை திறந்து, இணையான பக்கம் இருப்பவற்றுக்கு ரீடைரக்ட் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

ரீடைரக்டுகளைக் குறைந்தது ஓர் ஆண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள், அவை இடத்தையும் அடைக்காது, பணமும் கேட்காது. டொமைன் மாற்றியவர்கள் பழைய டொமைனையும் ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். அது காலாவதியாகி வேறு யாராவது வாங்கிவிட்டால், வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் உங்கள் பழைய இணைப்புகள் எல்லாம் அவர்கள் வைக்கும் பக்கத்துக்குத்தான் போகும். அந்தப் புதுப்பிப்புத் தேதியை இப்போதே காலண்டரில் போட்டு வையுங்கள்.